ஆடம் லாம்பர்ட் ராக்கரா, ராக்கர் வேஷம் கட்டிய நாடகக்காரரா?

கேள்வி இது: "பிரிட்டிஷ் ராக் குழுவான குயீனோடு பாடும் ஆடம் லாம்பர்ட், அமெரிக்கன் ஐடல் என்ற டிவி பாட்டுப் போட்டிக்கு வருவதற்கு முன்பு மியூசிக்கல் நாடகங்களில் நடித்தவராம். அப்படியானால் 2009இல் டிவியில் நடந்தது, ஒரு நடிகர் ராக் பாடகர் வேஷம் கட்டியதுதானே? அவரைப் போய் ராக்கர் என்று கொண்டாடுவது சரியா?"

ஆமாம், வேஷம்தான் கட்டினார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நீங்கள் அதைக் குறையாகச் சொல்கிறீர்கள், நான் தொழிலாகப் பார்க்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். நான் பல வருடமாகக் கச்சேரிகளுக்கு சவுண்ட் பார்ப்பவன். மேடைக்குப் பின்னால் நின்று பார்த்தால், வேஷம் கட்டாமல் மைக்கைப் பிடித்த பாடகர் ஒருவர்கூட என் கண்ணில் பட்டதில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

லாம்பர்ட் 1982 ஜனவரியில் இண்டியானாபொலிஸில் பிறந்தவர், வளர்ந்தது சான் டியேகோவில். சிறு வயதிலேயே நாடகக் குழுவில் சேர்ந்துவிட்டார். கல்லூரிக்குப் போனார், ஐந்தே வாரத்தில் விட்டுவிட்டு வந்தார். பத்தொன்பது வயதில் சொகுசுக் கப்பல் ஒன்றில் பத்து மாதம் பாடினார். கப்பலில் பாடுவது என்ன மாதிரி வேலை என்று யோசித்துப் பாருங்கள். எதிரே இருப்பவர்கள் சாப்பிட்டுக்கொண்டோ பேசிக்கொண்டோ இருப்பார்கள், உங்களைப் பார்க்க டிக்கெட் வாங்கி வந்தவர்கள் இல்லை. அவர்களைத் தலை நிமிர வைக்க வேண்டும், அதுவும் தினமும்.

அதன் பிறகு "ஹேர்" நாடகத்தோடு ஐரோப்பியச் சுற்று. 2004இல் லாஸ் ஏஞ்சலிஸின் கோடக் அரங்கில் "தி டென் கமாண்ட்மெண்ட்ஸ்" மியூசிக்கல். வால் கில்மர் மோசஸ், இவர் யோசுவா. அந்த நாடகத்தை விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அடுத்து "விக்கெட்" என்ற மியூசிக்கல். அதில் இவர் கும்பலில் ஒருவர், கதாநாயகன் ஃபியேரோவுக்கு அண்டர்ஸ்டடி. அண்டர்ஸ்டடி என்றால், நடிக்க வேண்டியவருக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கு அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு மேடையேற வேண்டியவர். வாரத்துக்கு எட்டு காட்சி. முக்கியப் பாத்திரத்தின் ஒவ்வொரு வரியும் அசைவும் மனப்பாடமாக இருக்க வேண்டும், வாய்ப்பு வருமா என்பது மட்டும் தெரியாது.

ஐடல் எதைக் கேட்கிறது என்று பார்த்தால், இந்தப் பின்னணி ஏன் அவ்வளவு பொருந்தியது என்பது புரியும். அப்போது செவ்வாய்க்கிழமை பாட்டு, புதன்கிழமை முடிவு. ஒவ்வொரு வாரமும் ஒரு தலைப்பு: ஒரு வாரம் கன்ட்ரி என்ற அமெரிக்க நாட்டுப்புறப் பாணி, ஒரு வாரம் மோட்டவுன் என்ற பழைய இசை நிறுவனத்தின் பாட்டுகள், ஒரு வாரம் டிஸ்கோ. பாட்டுக்கு ஏறக்குறைய ஒன்றரை நிமிடம். நான்கு நிமிடப் பாட்டை ஒன்றரை நிமிடத்துக்கு வெட்டினால் மிஞ்சுவது என்ன? ஒரு தொடக்கம், ஒரு ஏற்றம், ஒரு உச்சம். அதாவது ஒரு நாடகக் காட்சி. இசைக்குழு தயார், உடை தயார், விளக்கு தயார். எந்தக் கேமரா ஓடுகிறதோ அதன் சிவப்பு விளக்கைப் பார்த்துத் திரும்ப வேண்டும், தரையில் போட்டிருக்கும் குறியில் போய் நிற்க வேண்டும். கராஜில் நண்பர்களோடு மூன்று வருடம் வாசித்து, ஒரே மாதிரியான பத்துப் பாட்டுக்குப் பழகிய ராக் பையனுக்கு இது நரகம். போன வாரம் ஒருவராகவும் இந்த வாரம் இன்னொருவராகவும் மேடையேறிப் பழகிய நாடக நடிகருக்கு இது வழக்கமான வேலை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

இங்கே ஒரு நுணுக்கம் சொல்லியாக வேண்டும், என் தொழில் என்பதால் சும்மா விட முடியவில்லை. மியூசிக்கல் நாடகத்தில் நடிகர் கையில் மைக் இருக்காது. நெற்றியில் முடி தொடங்கும் இடத்திலோ காதோரமோ குட்டி மைக்கை ஒட்டியிருப்பார்கள். கை இரண்டும் நடிப்புக்கு. அப்படிப் பழகியவர் கையில் மைக்கைக் கொடுத்தால் பல நேரம் தடுமாறுவார். தாழ்ந்த சுரத்தில் நெருக்கிப் பிடிக்கவும், கத்தும்போது விலக்கவும் தெரியாது, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் பலகையில் உட்கார்ந்திருப்பவர்தான் திண்டாட வேண்டும். லாம்பர்ட்டிடம் அந்தத் தடுமாற்றம் இல்லை. நாடகம் இல்லாத இரவுகளில் லாஸ் ஏஞ்சலிஸ் கிளப்களில், "ஸோடியாக் ஷோ" மாதிரியான நிகழ்ச்சிகளில் மைக் பிடித்துப் பாடிப் பழகியிருந்தார். ஆகவே அவரை நாடகக்காரர் என்று மட்டும் சொல்வதும் பாதிக் கதைதான்.

சான் பிரான்சிஸ்கோ தேர்வில் அவர் பாடிய இரண்டு பாட்டில் ஒன்று குயீனின் "பொஹீமியன் ராப்ஸடி". அப்போதே நடுவர் சைமன் கவல் ஒரு சொல்லைப் போட்டார்: நாடகத்தனம். கவல் வாயில் அது பாராட்டு இல்லை. "பிராட்வே" (நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள்), "கேபரே" (விடுதிகளில் நடக்கும் ஆடல்பாடல்), "நாடகத்தனம்" மூன்றுமே அவருக்குத் திட்டும் சொற்கள். டிவி பாடகர் போட்டி ஒன்றை வாரா வாரம் விளக்கும் புகையுமாக நடத்திக்கொண்டே, போட்டியாளரைப் பார்த்து நாடகத்தனம் என்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

மார்ச் மாதம் கன்ட்ரி வாரம். ஜானி கேஷ் பாடிப் பிரபலமான "ரிங் ஆஃப் ஃபயர்" பாட்டை எடுத்து, மத்தியக் கிழக்கு வாசனையோடு இழைத்து இழைத்துப் பாடினார் லாம்பர்ட். வழிகாட்டியாக வந்த கன்ட்ரி பாடகர் ராண்டி ட்ராவிஸுக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. கவல் வெளுத்து வாங்கினார். எனக்கு அந்தப் பாட்டு பிடிக்கும், ஆனால் கவல் எரிச்சல்பட்டதிலும் நியாயம் இருந்தது: பாட்டைவிட வேஷம் முன்னால் நின்றது.

அடுத்து ஏப்ரல் 7. அன்றைய தலைப்பு, போட்டியாளர் பிறந்த வருடத்துப் பாட்டு. லாம்பர்ட் 1982ஆம் வருடத்து "மேட் வேர்ல்ட்" பாட்டை எடுத்தார். டியர்ஸ் ஃபார் ஃபியர்ஸ் குழுவின் பாட்டு, ஆனால் அவர் பின்பற்றியது "டானி டார்க்கோ" படத்துக்காக வேகத்தைக் குறைத்துச் செய்த வடிவத்தை. நீல வெளிச்சம், நாற்காலியில் உட்கார்ந்த ஆள், அடங்கிய குரல். எப்போதும் கூரையைத் தொடுகிறவர், அன்று முக்கால்வாசிப் பாட்டைத் தரையிலேயே வைத்திருந்தார். நிகழ்ச்சி நேரம் தாண்டிவிட்டது, நடுவர்கள் பேச இடமில்லை. கவல் எழுந்து நின்று கைதட்டினார்.

அன்று எனக்குத் தோன்றியது இதுதான்: வேஷம் கட்டத் தெரிந்தவனுக்குத்தான் அதைக் கழற்றி வைக்கும் நேரமும் தெரியும். அடங்கிப் பாடியதும் நடிப்புதான்.

அதே ஏப்ரல் 7ஆம் தேதி நியூயார்க்கில் இன்னொன்று நடந்தது. ப்ரூக்ஸ் அட்கின்சன் அரங்கில் "ராக் ஆஃப் ஏஜஸ்" என்ற மியூசிக்கல் பிராட்வேயில் தொடங்கியது. எண்பதுகளின் நீள்முடி ராக் பாட்டுகளைக் கோத்துச் செய்த நாடகம். அதன் நாயகன் கான்ஸ்டன்டைன் மரூலிஸ். லாம்பர்ட்டுக்கு நான்கு வருடம் முன்பு, 2005இல், ஐடலில் "ராக்கர்" என்று அறிமுகமானவர். போ பைஸும் இவரும் வந்த அந்த சீசனில்தான் முடி வளர்த்த ராக் ஆட்கள் ஐடலுக்கும் ஆவார்கள் என்று தெரிந்தது.

மரூலிஸும் அடிப்படையில் நாடகக்காரர்தான். பாஸ்டன் கன்சர்வேட்டரியில் படித்தவர், "ரென்ட்" நாடகச் சுற்றில் இருந்தவர், பக்கத்தில் ஒரு ராக் குழுவும் வைத்திருந்தார். அவருக்கும் ஒரு பிறந்த வருட வாரம் வந்தது. 1975இல் பிறந்தவர், ஆகவே அவர் பாடியது எது என்று ஊகித்திருப்பீர்கள்: "பொஹீமியன் ராப்ஸடி". கண்ணைச் சுருக்கிக் கேமராவைப் பார்க்கும் அந்தப் பார்வைக்கு அமெரிக்காவில் பாதிப் பேர் மயங்கினார்கள், மீதிப் பேர் கிண்டலடித்தார்கள். ஆறாம் இடத்தில் வெளியேறினார்.

டிவியில் ராக்கராகத் தோற்ற அதே ஆள், நாடக மேடையில் ராக் கனவோடு திரியும் பையனாக நடித்து 2009இல் பிராட்வே நாடகங்களுக்குத் தரும் டோனி விருதுக்குப் பரிந்துரை பெற்றார். டிவியில் அவர் செய்தபோது போலி என்றவர்கள் மேடையில் செய்தபோது நடிப்பு என்றார்கள். குரல் அதேதான், முடியும் அதேதான். சுவரொட்டியில் "நாடகம்" என்று எழுதியிருந்ததுதான் வித்தியாசம்.

நாடகப் பயிற்சி எப்போதும் கைகொடுக்கும் என்று நினைத்துவிடக் கூடாது, அதற்கும் ஓர் எதிர் உதாரணம் இருக்கிறது. 2005இல் சிபிஎஸ் சேனலில் "ராக் ஸ்டார்: ஐஎன்எக்ஸ்எஸ்" வந்தது. "சர்வைவர்" தயாரித்த மார்க் பர்னெட்டின் நிகழ்ச்சி. ஆஸ்திரேலியாவின் ஐஎன்எக்ஸ்எஸ் குழுவுக்கு, 1997இல் இறந்துபோன மைக்கேல் ஹட்சன்ஸின் இடத்தில் பாட ஆள் தேடினார்கள். பார்வையாளர்கள் ஓட்டுப் போடுவார்கள். கடைசி மூன்று இடத்துக்குத் தள்ளப்பட்டவர்கள் ஐஎன்எக்ஸ்எஸ் பாட்டு ஒன்றைப் பாட வேண்டும், குழுவே ஒருவரை வீட்டுக்கு அனுப்பும். ஓட்டு யாரை ஆபத்தில் தள்ளுவது என்பதை முடிவு செய்யும், வேலை கொடுப்பதா வேண்டாமா என்பதை முதலாளிகள் முடிவு செய்வார்கள். ஐடலைவிட நேர்மையான ஏற்பாடு என்பது என் கருத்து.

அதில் மிக் அயேசா என்றொருவர். பிலிப்பைன்ஸில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர், லண்டனில் குயீன் பாட்டுகளால் ஆன "வீ வில் ராக் யூ" மியூசிக்கலில் நடித்தவர். மேடையை ஆண்டவர், பிசிறு தட்டாத குரல். கடைசி மூவர் வரை வந்தார். வேலை கிடைத்தது கனடாக்காரர் ஜே. டி. ஃபார்ச்யூனுக்கு. எல்விஸ் வேஷம் போட்டுப் பாடிய அனுபவம் அவருக்கும் உண்டு என்பதைக் கவனியுங்கள், வேஷம் யாரையும் விடவில்லை. ஆனால் அவர் காரிலேயே படுத்துத் தூங்கிய கதை, முரட்டுத்தனம், எப்போது என்ன செய்வாரோ என்ற பயம் எல்லாம் சேர்ந்து குழுவுக்கு அவர் "அசல்" என்று பட்டது. மிக் மிகவும் சுத்தமாக இருந்தார். ஃபார்ச்யூன் ஆறு வருடத்தில், இடையில் ஒரு சண்டையும் சமாதானமுமாக, 2011இல் பிரிந்தார். மிக் பிறகு எங்கே போனார் என்றால், அதே "ராக் ஆஃப் ஏஜஸ்" நாடகத்தில் ராக் நட்சத்திரப் பாத்திரத்துக்கு.

ஆக, குழு தேடும் நிகழ்ச்சியில் நாடகக்காரர் தோற்கிறார், தனிப்பாடகரைத் தேடும் நிகழ்ச்சியில் கடைசி வரை போகிறார். குழுவில் வண்டியிலும் ஹோட்டலிலும் வருடக்கணக்கில் கூட இருக்க வேண்டும், மேடையில் இருக்கும் ஆள் கீழே இறங்கியதும் என்னவாக இருப்பான் என்ற கேள்வி அங்கே முக்கியம். ஐடலில் அந்தக் கேள்வி கிடையாது. ஒன்றரை நிமிடம்தான் கணக்கு.

திரும்ப லாம்பர்ட்டிடம் வருகிறேன். மே 5ஆம் தேதி ராக் வாரம், வழிகாட்டி கன்ஸ் அண்ட் ரோஸஸ் குழுவின் கிட்டார் கலைஞர் ஸ்லாஷ். லாம்பர்ட் "ஹோல் லாட்டா லவ்" பாடினார். லெட் ஸெப்பெலின் பாட்டு ஒன்று ஐடல் மேடையில் ஒலித்தது அதுதான் முதல் முறை. அந்தக் குழுவின் பாடகர் ராபர்ட் பிளான்ட் கத்துவதை மேலே போய்த் தொட நிறையப் பேருக்கு முடியும், தொட்ட பிறகு குரல் கிழியாமல் அங்கே சிரித்துக்கொண்டு நிற்பதுதான் கஷ்டம். வாரம் எட்டு காட்சிப் பழக்கம் அங்கே தெரிந்தது. தொண்டையை எங்கே செலவழிப்பது, எங்கே மிச்சம் பிடிப்பது என்பது உடம்பிலேயே பதிந்திருந்தது.

இறுதிச் சுற்றில் எதிரே கிரிஸ் ஆலன். அர்கன்சாவின் கான்வே ஊர்க்காரர், கிட்டாரும் கையுமாக வந்து பக்கத்து வீட்டுப் பையன் போலப் பாடுபவர். ஏறக்குறைய 10 கோடி ஓட்டு விழுந்ததாக அறிவித்தார்கள். ஒருவரே எத்தனை முறை வேண்டுமானாலும் போடலாம் என்று இருந்ததால் அது தலைக்கணக்கு இல்லை. ஆலன் ஜெயித்தார். லாம்பர்ட் தன்பாலீர்ப்பாளர் என்பது அப்போது ஊர்வாயில் இருந்தது, படங்கள் இணையத்தில் சுற்றின. முடிவுக்குப் பிறகு ஜூன் மாதம் "ரோலிங் ஸ்டோன்" இதழில் அவரே வெளிப்படையாகச் சொன்னார். ஓட்டில் அது எவ்வளவு விளையாடியது என்று அளந்து சொல்ல வழியில்லை. ஆனால் "எளிமையான பையனுக்கும் வேஷக்காரனுக்கும் போட்டி" என்று அன்று எழுதியவர்களிடம் எனக்குக் கோபம் உண்டு. ஜீன்ஸ் போட்டு, முடியைக் கலைத்துவிட்டு, கண்ணை மூடிப் பாடும் எளிமை மட்டும் தானாக வந்துவிடுகிறதா? அதற்கும் உடை பார்ப்பவர் இருக்கிறார், விளக்கு போடுபவர் இருக்கிறார். மை தீட்டிய கண்ணில் வேஷம் தெரிந்துவிடுகிறது. ஜீன்ஸில் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

அந்த இறுதி இரவில் லாம்பர்ட் கிஸ் குழுவோடு பாடினார். முகத்தில் வெள்ளைச் சாயமும் உயரமான பூட்ஸுமாக வயதைக் கடந்து நின்றவர்களுக்கு நடுவில், தோளில் கவசம் மாதிரி ஒன்றை மாட்டிக்கொண்டு இவர். வேஷம் பற்றிப் புகார் சொல்பவர்கள் கிஸ் குழுவை எந்தக் கணக்கில் எழுதுவார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. கடைசியாக, குயீனின் பிரையன் மேயும் ரோஜர் டெய்லரும் வந்து, இரண்டு போட்டியாளர்களும் சேர்ந்து "வீ ஆர் தி சாம்பியன்ஸ்" பாடினார்கள்.

இந்த இடத்தில் உங்கள் பக்கம் ஒரு வாதத்தை நானே எடுத்துக் கொடுக்கிறேன். ஐடலை விட்டு வெளியே வந்து, என்ன வேண்டுமானாலும் பாடலாம் என்ற சுதந்திரம் கிடைத்தபோது லாம்பர்ட் ராக் ஆல்பம் போடவில்லை. 2009 நவம்பரில் வந்த "ஃபார் யுவர் என்டர்டெயின்மென்ட்" பெரும்பாலும் பாப், நடனம். 2012இல் வந்த "ட்ரெஸ்பாஸிங்" ஃபங்க் பக்கம் சாய்ந்தது. அது அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் பட்டியலில் முதல் இடத்தில் நுழைந்தது, தன்பாலீர்ப்பை வெளிப்படையாகச் சொன்ன பாடகர் ஒருவருக்கு அந்தப் பட்டியலில் அப்படி அமைந்தது அதுவே முதல் முறை. அதாவது ராக் அவருடைய சொந்த வீடு இல்லை. டிவியில் அவர் எடுத்துக்கொண்ட பாத்திரம் அது. ராக்கராக நடித்தார் என்ற உங்கள் ஊகம் சரி, ஐடல் பக்தர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஆனால் சரி.

அந்தப் பாத்திரத்தை அதன் அசல் சொந்தக்காரர்களே வந்து கேட்டு வாங்கினார்கள் என்பதுதான் கதையின் அடுத்த பாதி. குயீன் அதற்கு முன்பு பால் ராஜர்ஸோடு 2004 முதல் சில வருடம் சுற்றியது. ராஜர்ஸ் உங்கள் அளவுகோலில் சுத்தமான, அசல் ராக்கர். ஃப்ரீ, பேட் கம்பெனி குழுக்களின் குரல். மை கிடையாது, பளபளப்பு கிடையாது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் "கில்லர் குயீன்" மாதிரி பாட்டில், கண் சிமிட்டிக்கொண்டு பாட வேண்டிய இடத்தில், அந்த முரட்டு ப்ளூஸ் குரலுக்கு வேலை இல்லை. குயீன் பாட்டில் பாதி நாடகம். அசல் ராக்கரால் அந்தப் பாதியைத் தொட முடியவில்லை.

2011 நவம்பரில் பெல்ஃபாஸ்ட்டில் எம்டிவி விருது விழாவில் லாம்பர்ட் குயீனோடு பாடினார். 2012 ஜூன் 30இல் கீவ் நகரத்தில் முதல் முழுக் கச்சேரி, திறந்த வெளியில், கண்ணுக்கெட்டிய வரை கூட்டம். 2014 முதல் உலகச் சுற்றுகள். அந்தச் சுற்றில் "கில்லர் குயீன்" வரும்போது மேடையில் ஊதா நிறச் சாய்வு சோபா ஒன்று இருக்கும். லாம்பர்ட் அதில் மகாராணி போலச் சாய்ந்து, கையில் விசிறியை வீசிக்கொண்டே முழுப் பாட்டையும் பாடுவார், நடுவில் ஷாம்பெயின் வேறு. சாய்ந்து படுத்தால் வயிறு மடங்கும், மூச்சு அறுபடும். அந்த நிலையில் அந்தச் சுரங்களைச் சேதமில்லாமல் கொண்டுவருவது, மல்லாந்து படுத்துக்கொண்டு எழுதுகிற மாதிரி. கூட்டம் விசிறியைப் பார்த்துச் சிரித்தது. நான் அவர் விலா எலும்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குயீனின் அசல் பாடகர் ஃப்ரெடி மெர்குரிக்கு ஈடு யாருமில்லை, தானும் ரசிகன்தான் என்று ஒவ்வொரு கச்சேரியிலும் அவரே கூட்டத்திடம் சொல்லிவிடுவார். அண்டர்ஸ்டடியாக இருந்தவருக்கு அதைச் சொல்வதில் கூச்சம் இல்லை. இன்னொருவருடைய சட்டையைப் போட்டுக்கொள்ளத் தெரியும், அது தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள வேண்டிய அவசியமும் இல்லை.

அந்த ஃப்ரெடியே யார்? சான்சிபாரில் ஃபரூக் புல்சாராவாகப் பிறந்து, மகாராஷ்டிராவின் பஞ்சகனியில் விடுதிப் பள்ளியில் படித்து, லண்டன் போய்ப் பெயரை மாற்றி, மீசையும் மகுடமும் சூடிக்கொண்டவர். "பொஹீமியன் ராப்ஸடி" பாட்டின் நடுவே வரும் ஓபரா பகுதி, பல குரல்களை ஸ்டூடியோவில் அடுக்கி அடுக்கிச் செய்தது. அதை மேடையில் நான்கு பேரால் பாட முடியாது. அதனால் ஃப்ரெடி காலத்திலேயே, அந்தப் பகுதி வந்ததும் விளக்கு மாறும், ஒலிநாடா ஓடும், நால்வரும் மேடையை விட்டு உள்ளே போய்விடுவார்கள். கிட்டார் இடித்துக்கொண்டு உள்ளே வரும் நொடியில் திரும்ப ஓடி வருவார்கள், வரும்போது ஃப்ரெடி உடை மாற்றியிருப்பார். இப்போதும் அந்த இடத்தில் அப்படித்தான். திரையில் பழைய ஃப்ரெடி வருவார், லாம்பர்ட் உள்ளே போவார், கிட்டார் அதிரும்போது புதுச் சட்டையில் வந்து மீதியைப் பாடுவார்.